ஓலீட்டா அக்காவின் ஜெபச் சங்கிலி

ஓலீட்டா கிரிம்ஸ்லி அக்கா எங்கள் சபையில் எழுந்து நின்று பேசி நான் பார்த்ததே இல்லை. பாட்டுக்கு வாய் திறப்பாள், சாப்பாட்டுக்குத் திறப்பாள், அவ்வளவுதான். எங்கள் சபைக் கூட்டத்தில் பெண்கள் பேசக் கூடாது. பவுல் அப்போஸ்தலன் அப்படி எழுதிவைத்துவிட்டுப் போய்விட்டாராம். ஆனால் அவருக்குத் தொலைபேசியைப் பற்றி ஒன்றும் தெரியாதே! அதனால் ஆண்கள் கூட்டம் போட்டு முடிவெடுப்பார்கள். அதை ஊர் முழுக்கக் கொண்டுசேர்ப்பது பெண்களின் தொலைபேசி. அதற்கு ஜெபச் சங்கிலி என்று பெயர். அதன் முதல் கண்ணி அக்கா.

யாருக்காவது ஆபரேஷன், யார் வீட்டிலாவது சாவு என்றால் பாஸ்டர் குவின் அக்காவைக் கூப்பிட்டு ஜெபக் குறிப்பைச் சொல்வார். அக்கா அடுத்தவளைக் கூப்பிட்டுச் சொல்ல, அவள் அதற்கடுத்தவளைக் கூப்பிடுவாள். இப்படியே போய்க் கடைசியில் வொனெல் அம்மாளிடம் முடியும். வொனெல் அம்மாள் திரும்ப அக்காவுக்கே போன் போட்டுத் தன்னிடம் வந்துசேர்ந்ததை ஒப்பிக்க வேண்டும். ஒழுங்காக வந்திருந்தால், “சரியா வந்துச்சு, சிஸ்டர்” என்பாள் அக்கா. மாறியிருந்தால் மறுபடி முதலிலிருந்து அனுப்ப வேண்டும். இந்தச் சட்டத்தைக் கொண்டுவந்தவளே அக்காதான். முன்பு ஒருமுறை ஒருவருக்குப் பித்தப்பையில் கல் என்று கிளம்பிய செய்தி, கடைசி வீட்டுக்குப் போவதற்குள் அவரைக் கொன்றேவிட்டது. சாவு வீட்டுக்கென்று வேகவைத்த உருளைக்கிழங்குத் தட்டோடு பெண்கள் போய் வாசலில் நின்றால், கதவைத் திறந்தவர் செத்தவரேதான். தட்டை வாங்கிக்கொண்டு நன்றி சொன்னாராம்.

இதெல்லாம் எனக்கு எப்படித் தெரியும் என்றால், டன்மோர் க்ரீக்கில் ஒரே பியூட்டி பார்லர் என்னுடையது. அலபாமாவின் இந்த மூலையில் சனிக்கிழமை முடி செட் பண்ணாமல் ஞாயிற்றுக்கிழமை கர்த்தர் முன்னால் போகிற பெண் கிடையாது. நான் அந்தச் சபையில் வளர்ந்தவள்தான். என் புருஷன் இன்னொருத்தியோடு ஓடிப்போன வருஷம், “உன் சாட்சி கெட்டுப்போச்சு நெல்டா” என்று சொல்லிப் பாடகர் குழுவிலிருந்து என்னை நிறுத்தினார்கள். சபை பாஷையில் சாட்சி என்றால் நல்ல பெயர். ஓடினவன் அவன், சாட்சி கெட்டது எனக்கு. அன்றிலிருந்து நான் அந்தப் பக்கம் அதிகம் போவதில்லை.

பழைய கார் வாங்கி விற்கும் ட்ராய் லங்ஸ்ஃபோர்ட் கதை வேறு. அவருக்கும் அவர் கடையில் வேலை பார்த்த சின்னப் பெண்ணுக்கும் என்னவோ என்று தெரிந்து அவர் மனைவி பெட்டியைக் கட்டிக்கொண்டு போய்விட்டாள். அடுத்த ஞாயிறு ட்ராய் சபை முன்னால் வந்து மண்டியிட்டு, மூக்கைச் சிந்தி அழுதார். ஆண்கள் எல்லாரும் வரிசையாக வந்து கட்டிக்கொண்டார்கள். கொஞ்ச நாளில் வேறு கல்யாணம், அதற்கப்புறம் சபையை நடத்தும் டீக்கன் பதவி. அந்தப் பெண் எந்த ஊருக்குப் போனாளோ தெரியாது. ட்ராய்க்கு மன்னிப்பு கிடைக்க ஜெபியுங்கள் என்று சங்கிலியில் அனுப்பியது யார்? அக்காதான்.

“தாவீது ராஜாவே விழுந்து எந்திரிச்சவர்தானேடி” என்றாள் என்னிடம்.

“அதெல்லாம் சரி. அவரு கெடுத்த பத்சேபாள் எங்கக்கா?”

“உனக்கு வாய் ஜாஸ்தி. அந்த நெத்தி முடியக் கொஞ்சம் தூக்கி விடு.”

அக்காவைக் குறை சொல்ல எனக்கு அப்போதும் மனம் வந்ததில்லை. அவள் புருஷன் டேல், கோழி வெட்டும் ஆலையில் வேலை பார்த்தவர். மார்லா என்ற மகளைக் கையில் கொடுத்துவிட்டு மாரடைப்பில் போய்விட்டார். அப்போது அக்கா பள்ளிக்கூடச் சமையலறையில் வேலைக்குப் போய்க்கொண்டிருந்தாள். சங்கிலிப் பெண்கள்தான் மாற்றி மாற்றிச் சாப்பாடு கொண்டுவந்து கொடுத்தார்கள். மார்லாவுக்குக் காய்ச்சல் என்றால் விடிய விடியக் கூட உட்கார்ந்தார்கள். அவளுக்குச் சொந்தம், பந்தம், கோயில், குளம் எல்லாமே அந்தத் தொலைபேசிக் கம்பிதான். இதையும் சொல்லாமல் போனால் நான் பொய்க்காரி.

பெரிய சூறாவளி அடித்த வசந்தத்தில் ஊரே இருட்டாகக் கிடந்தது. மின்கம்பத்தைச் சரிசெய்ய வெளியூரிலிருந்து ஆட்கள் வந்தார்கள். சபைக்குப் பின்னால் இருந்த கம்பத்தில் ஏறியவன் கார்னெல் என்ற கறுப்பினப் பையன். விளக்கு எரிந்ததும் பாஸ்டர் குவின் பிரசங்கத்திலேயே சொன்னார், “கர்த்தர் நமக்குத் தம்முடைய தூதர்களை அனுப்பினார்” என்று. பெண்கள் பொரித்த கோழியும் சோளரொட்டியும் இனிப்புத் தேநீருமாகத் தட்டு நிறைய வைத்தார்கள். அந்தத் தட்டை மார்லா கையில் கொடுத்துக் கம்பத்தடிக்கு அனுப்பியது அக்காவேதான்.

மார்லா அந்தத் தட்டை அதோடு வைத்துவிட்டு வரவில்லை. இரண்டு பேரும் கோர்ட்டில் கல்யாணம் செய்துகொண்டார்கள். அக்கா போகவில்லை. அவள் ஒன்றும் தேவதை இல்லை. எங்கள் ஊரில் வளர்ந்தவள். என் நாற்காலியில் உட்கார்ந்து, “ஊர்ல வேற ஆம்பளையே இல்லாமப் போச்சா?” என்று கேட்டு அழுதாள். மகளோடு பேசாமலே ஒரு குளிர்காலத்தை ஓட்டினாள். பிறகு குழந்தை பிறந்தது. மார்லா அதற்கு ஓலீட்டா என்று பெயர் வைத்தாள். யாரிடமும் சொல்லாமல் அக்கா ஆஸ்பத்திரிக்கு ஓடினாள். திரும்பி வந்து என் கடைக் கண்ணாடி முன்னால் நின்றுகொண்டு, “என் காது அப்படியே இருக்குடி. மடல்ல அந்த வளைவு கூட” என்று தன் காதைத் தொட்டுத் தொட்டுக் காட்டினாள். அன்று அவள் முகத்தைப் பார்த்திருக்க வேண்டும் நீங்கள்.

அக்கா சொல்லி, மார்லாவும் கார்னெலும் பக்கத்து ஊரில் வீடு பிடித்தார்கள். ஆனால் கார்னெலுக்குக் கொலராடோவில் நல்ல வேலை தயாராக இருந்தது. ஒருநாள் மார்லா குழந்தையோடு என் கடைக்கு வந்தபோது அக்காவும் இருந்தாள். அங்கே வைத்தே பேச்சு வந்தது.

“ம்மா, அங்க அவரக் கூப்பிட்டுட்டே இருக்காங்க. நான்தான் இழுத்துப் புடிச்சு வச்சிருக்கேன். அன்னையர் தினத்துல எல்லாப் பிள்ளைங்களையும் முன்னாடி கொண்டுபோய்ப் பிரதிஷ்டை பண்றாங்கல்ல? எம் பிள்ளையையும் பண்ணட்டும். எல்லார் முன்னாடியும் அது பேரச் சொல்லட்டும். சொன்னா இங்கயே இருக்கோம். உன் மடியிலயே வளரும்.”

“சொல்லலைன்னா?”

“சொல்லலைன்னா இந்தப் பக்கத்துலயே நான் இத வளக்க மாட்டேம்மா. நீயும் எங்களத் தேடி வராத.”

காரிலிருந்து இறங்கி வந்து வாசலில் நின்றிருந்த கார்னெல் சிரித்தான். “அத்தை, நான் கம்பத்து மேல இருந்தப்ப தூதன்னாங்க. கீழ எறங்குனதும் இறக்கை கழண்டு விழுந்துருச்சு போல.”

அக்காவும் சிரித்துவிட்டாள். அவனை அவளுக்குப் பிடித்துவிட்டது என்று எனக்கு அப்போதுதான் தெரிந்தது.

அன்னையர் தினம் எங்கள் சபையில் பெரிய நாள். அந்த வருஷம் பிறந்த பிள்ளைகளை முன்னால் தூக்கிக்கொண்டு போவார்கள். பாஸ்டர் ஒவ்வொரு பெயராகச் சொல்லி, பொன் எழுத்தில் பெயர் பதித்த வெள்ளை வேதாகமம் கொடுப்பார். தாய்க்கு ஒரு சிவப்பு ரோஜா. குடும்பத்துப் பெரியவர் எழுந்து பிள்ளையின் தலையில் கைவைத்து, “இது எங்கள் பிள்ளை” என்று சொல்ல வேண்டும். பெண்கள் சபையில் வாய் திறக்கலாம் என்று இருக்கும் ஒரே இடம் அதுதான். வேதாகமத்துக்குச் சொல்லிவைப்பதும் ரோஜா வாங்குவதும் எப்போதும் அக்கா வேலை. இந்தத் தடவை அவள் யாரையும் கேட்காமல் ‘ஓலீட்டா’ என்று பதித்த ஒன்றுக்கும் சேர்த்துச் சொல்லிவைத்துவிட்டுத்தான் பாஸ்டரிடம் போனாள்.

பாஸ்டர் நாற்காலி போட்டு உட்காரவைத்தாராம்.

“நிறத்துக்காகன்னு மட்டும் நெனச்சிராதீங்க சிஸ்டர். கர்த்தர் முன்னாடி எல்லாரும் ஒண்ணுதான். ஆனா பாருங்க, அன்னிக்குத்தான் பிரதர் ட்ராயோட பேரனுக்கும் பிரதிஷ்டை. பத்திரிகைக்காரங்க வருவாங்க. அந்த மாசமே உட்கட்சித் தேர்தல். எதிராளி ஆளுங்க ஒரு போட்டோ எடுத்துப் போட்டா என்னாகும்? எனக்கு ஒண்ணுமில்ல, சனங்க இன்னும் பக்குவப்படல. ஜூன்ல என் ஆபீஸ் ரூம்ல வச்சு, அமைதியா, குடும்பமா முடிச்சிரலாம்.”

“ஆபீஸ் ரூம்லயா பாஸ்டர்? அப்ப ரோஜாப்பூ?”

“ரோஜா குடுத்துரலாம் சிஸ்டர். அதுல என்ன இருக்கு?”

ட்ராய் மாநிலச் சட்டசபைக்கு நின்றுகொண்டிருந்தார். எங்கள் பக்கம் உட்கட்சித் தேர்தலில் ஜெயித்தவர்தான் உறுப்பினர். நவம்பர் தேர்தலெல்லாம் சும்மா சடங்கு. ரோடு நெடுக அவர் முகம், அதன் கீழே ‘விசுவாசம், குடும்பம், குழந்தைகள்’. சபை ஓட்டுக் கேட்கக் கூடாது என்று சட்டம் இருக்கிறதல்லவா, அதனால் யாரும் ஓட்டுக் கேட்கவில்லை. ‘குடும்பங்களைக் காக்கத் தேவன் எழுப்பிய மனிதனுக்காக ஜெபியுங்கள்’ என்று வாரா வாரம் சங்கிலியில் போனது, அவ்வளவுதான். அனுப்பியவள் அக்கா. அவருக்காகத் தொலைபேசியைக் காதில் வைத்து வைத்து அவள் காது சிவந்து கிடந்தது. அந்த மனிதருடைய போட்டோ கெட்டுப்போகும் என்று அவள் பேத்தியை ஒளித்து வைக்கச் சொல்கிறார்கள். எனக்கு வந்த கோபத்தில் சீப்பை எறிந்துவிட்டேன்.

“விடுடி” என்றாள் அக்கா. “பாஸ்டர் ஒருத்தர்தான். சபை பெருசு. நான் சங்கிலியில போடப் போறேன்.”

“என்னன்னு?”

“எம் பேத்திக்காக ஜெபிக்கச் சொல்லித்தான். இத்தன பேரு முழங்காலு போட்டு ஜெபிச்சா அவரு எப்படி மறுப்பாரு? ஜெபிச்சவங்கதான் எப்படி மறுப்பாங்க?”

எங்கள் சபையாள் மட்டுமே செய்யக்கூடிய தப்பு அது. வெளியாள் யாராவது இருந்தால் வக்கீலைப் பார், பத்திரிகைக்குச் சொல் என்றிருப்பான். அக்கா ஜெபத்தை நம்பினாள். அதைவிட, ஜெபிக்கிறவர்களை நம்பினாள்.

என் கடையில், தலை முழுக்கச் சாயம் பூசிய கோலத்தில், பிளாஸ்டிக் போர்வையைப் போர்த்திக்கொண்டு இரண்டாவது கண்ணியைக் கூப்பிட்டாள். காதெல்லாம் சாயம் என்பதால் செல்போனை ஸ்பீக்கரில் போட்டு நான்தான் பிடித்துக்கொண்டிருந்தேன்.

“ஜெபக் குறிப்பு சிஸ்டர். எம் மக மார்லாவோட பிள்ளை, என் பேத்தி ஓலீட்டாவ அன்னையர் தினத்துல சபை முன்னாடி பிரதிஷ்டை பண்ண, பாஸ்டரோட மனசக் கர்த்தர் திறக்கணும்.”

அந்தப் பக்கம் யாரோ டிவி சத்தத்தைக் குறைத்தார்கள். பிறகு, “ஜெபிக்கிறேன் ஓலீட்டா” என்று வந்தது. அக்கா என்னைப் பார்த்துக் கண்ணடித்தாள்.

தலையை அலசித் துடைத்துச் சுருள் மாட்டி முடிப்பதற்குள் வொனெல் அம்மாளிடமிருந்து அழைப்பு வந்துவிட்டது. ஊரிலேயே மூத்தவள், ஒரு ஈயைக்கூட அடிக்க மாட்டாள். வழக்கம்போல் நிறுத்தி நிறுத்தி ஒப்பித்தாள்.

“ஜெபக் குறிப்பு, சிஸ்டர் ஓலீட்டாவுக்காக. மக பண்ணுன காரியத்துல அவ தலைகுனிஞ்சு நிக்கிறா. அந்தக் கலப்புப் பிள்ளையச் சபைக்குள்ள கொண்டுவந்து, தேர்தல் நேரத்துல பிரதர் ட்ராய்க்கு அவமானம் உண்டாக்காம இருக்க, மகளக் கண்டிச்சு நிறுத்துறதுக்குக் கர்த்தர் அவளுக்குப் பெலன் குடுக்கணும். சரியா வந்துச்சாம்மா?”

நான் அக்காவின் முகத்தைக் கண்ணாடியில் பார்த்துக்கொண்டிருந்தேன். அவள் உதடு அசைந்தது.

“சரியா வந்துச்சு, சிஸ்டர்.”

“ஜெபிச்சுக்கிறேன் கண்ணு. தைரியமா இரு” என்று வொனெல் அம்மாள் வைத்துவிட்டாள்.

நான் கத்தினேன். “என்னக்கா சொன்னீங்க நீங்க? மாறியிருந்தா மொதல்லருந்து அனுப்பணும்னு நீங்கதான சட்டம் போட்டீங்க? அனுப்புங்க!”

“யாருக்குடி அனுப்ப?” என்றாள் அக்கா. “ஒருத்தி மாத்தியிருந்தா இன்னாருன்னு கண்டுபிடிச்சு சண்டை போடலாம். இது அப்படி இல்ல. ஆளாளுக்குக் கொஞ்சங் கொஞ்சமா மாத்தியிருக்காங்க. டேல் செத்தப்ப எனக்குச் சோறு கொண்டாந்தவங்கடி எல்லாரும்.”

பிறகு அக்கா மார்லாவிடம், பாஸ்டர் சொன்னபடி ஜூனில் ஆபீஸ் ரூமில் வைத்துக்கொள்ளலாம் என்று சொல்லிப் பார்த்தாள். மார்லா, “நாங்க வருவோம்மா. நீ எந்திரிச்சு நின்னா போதும்” என்று சொல்லிவிட்டாளாம்.

அன்னையர் தினத்தன்று எங்கள் ஊரில் கடவுளே இல்லை என்பவன்கூட அம்மாவுக்காகச் சபைக்கு வருவான். நானும் என் அம்மாவைக் கூட்டிக்கொண்டு போனேன். ட்ராய் தன் குடும்பத்தோடு முன் பெஞ்சில் இருந்தார். பத்திரிகைக்காரர் ஓரமாக நின்றார். ரோஜாத் தட்டோடும் வேதாகமங்களோடும் அக்கா பக்கவாட்டில் நின்றிருந்தாள். பாட்டு நடக்கும்போது பின் கதவு திறந்து மார்லாவும் கார்னெலும் உள்ளே வந்தார்கள். குழந்தைக்கு வெள்ளைக் கவுன், கார்னெலுக்குக் கோட்டும் டையும். கடைசிப் பெஞ்சில் உட்கார்ந்தார்கள். அந்தப் பெஞ்சில் இருந்த ஒரு குடும்பம் மெதுவாக நகர்ந்து வேறு இடம் பார்த்துக்கொண்டது.

பிள்ளைகள் ஒவ்வொன்றாக முன்னால் வந்தன. ட்ராய் பேரனின் தலையில் கைவைத்துக் கணீரென்று, “இது எங்கள் பிள்ளை” என்றார். கேமரா மின்னியது. எல்லாம் முடிந்தபோது அக்காவின் தட்டில் ஒரு ரோஜாவும் ஒரு வெள்ளை வேதாகமமும் மீதி இருந்தன.

பழக்கதோஷம் பாருங்கள், பாஸ்டர் ஒவ்வொரு வருஷமும் கேட்பதை அன்றும் கேட்டுவிட்டார். “இன்னும் ஏதாவது குடும்பம் பிள்ளையைக் கொண்டுவந்திருக்கிறதா?”

கேட்ட பிறகுதான் அவர் முகம் மாறியது. கடைசிப் பெஞ்சில் மார்லா பிள்ளையோடு எழுந்து நின்றாள். கார்னெலும் எழுந்தான். சபை முழுக்கத் தலை பின்னால் திரும்பி, அப்புறம் ஒரே நேரத்தில் அக்கா பக்கம் திரும்பியது. குடும்பத்துப் பெரியவர் சொல்ல வேண்டிய மூன்று வார்த்தைதான் பாக்கி. மார்லா அம்மாவைத் தவிர வேறு யாரையும் பார்க்கவில்லை. சொல்லுக்கா, சொல்லித் தொலையேன் என்று எனக்குள் நான் கெஞ்சிக்கொண்டிருந்தேன்.

அக்கா தட்டைப் பார்த்தாள். சங்கிலிப் பெண்கள் உட்கார்ந்திருந்த வரிசையைப் பார்த்தாள். வாய் திறந்து திறந்து மூடியது. சத்தம் வரவில்லை.

அப்போது டீக்கன் ட்ராய் எழுந்து, ரொம்பக் கனிவாக, “ஜெபிப்போமா?” என்றார்.

உடனே எல்லாத் தலையும் குனிந்தது, எல்லாக் கண்ணும் மூடியது. எங்கள் ஊரில் ஜெபிப்போம் என்று சொன்ன பிறகு கண்ணைத் திறந்து வைத்திருப்பதைவிடப் பெரிய மரியாதைக்கேடு இல்லை. நான் திறந்துதான் வைத்திருந்தேன். குழந்தைகளுக்காக, தாய்மார்களுக்காக, இந்தத் தேசத்துக்காக ட்ராய் நீளமாக ஜெபித்துக்கொண்டே போனார். மார்லா அம்மாவைப் பார்த்தபடியே நின்றாள். அக்கா கண்ணை இறுக்கி மூடியிருந்தாள். கார்னெல் மார்லாவின் முதுகில் கைவைத்தான்; பிள்ளையோடு இருவரும் திரும்பி நடந்தார்கள். ஆமென் சொல்லி எல்லாரும் கண்ணைத் திறந்தபோது கடைசிப் பெஞ்ச் காலி. ஒருவர்கூட எதையும் பார்க்கவில்லை, அதனால் ஒருவருக்கும் எதுவும் தெரியாது.

மீதியிருந்த ரோஜாவை என் அம்மாவுக்குக் கொடுத்தார்கள். வேதாகமத்தை அக்கா கைப்பைக்குள் வைத்துக்கொண்டாள்.

அந்த மாதமே ட்ராய் ஜெயித்தார். மார்லா வீட்டைக் காலி செய்துகொண்டு கொலராடோவுக்குப் போய்விட்டாள். அக்கா போன் போட்டால் மணி அடித்துக்கொண்டே இருக்கிறது, யாரும் எடுப்பதில்லை. கிறிஸ்துமஸுக்கு அனுப்பிய பொட்டலம் அப்படியே திரும்பி வந்தது. நியாயம் மார்லா பக்கம்தான். ஆனாலும் அக்காவைப் பார்க்கும்போது எனக்குப் பொறுக்கவில்லை. ட்ராய் ஒரு பெண்ணின் வாழ்க்கையைக் குலைத்துவிட்டு அழுததற்கு ஊரே கட்டிக்கொண்டது. இவள் வாய் திறக்காத பாவத்துக்கு மன்னிப்புக் கேட்க ஒரே ஒரு கதவுதான் இருந்தது, அதுவும் சாத்திக்கொண்டது.

போன சனிக்கிழமை அக்கா என் நாற்காலியில் இருந்தபோது பாஸ்டரிடமிருந்து அழைப்பு வந்தது. ஸ்பீக்கரில்தான்.

“சிஸ்டர், ஒரு ஜெபக் குறிப்பு. உங்களுக்காகத்தான். வழிதப்பிப்போன மகளால கைவிடப்பட்ட நம்ம சிஸ்டர் ஓலீட்டாவுக்குக் கர்த்தர் ஆறுதல் தரணும்னு போட்டுருங்க.”

“சரிங்க பாஸ்டர்” என்றாள் அக்கா.

“அக்கா, இதப் போடாதீங்க” என்றேன் நான். அவள் அதற்குள் இரண்டாவது கண்ணியைக் கூப்பிட்டுவிட்டாள். தன்னைப் பற்றியே யாரோ மூன்றாம் மனுஷியைப் பற்றிச் சொல்வதுபோல் நிதானமாகச் சொன்னாள். வழிதப்பிப்போன மகள் என்ற இடத்தில் மட்டும் கொஞ்சம் நிறுத்தினாள், பிறகு அதையும் சொன்னாள்.

நான் சுருள்களைக் கழற்றிச் சீவிக்கொண்டிருந்தபோது வொனெல் அம்மாள் கூப்பிட்டு ஒப்பித்தாள். “வழிதப்பிப்போன மகளால கைவிடப்பட்ட நம்ம சிஸ்டர் ஓலீட்டாவுக்குக் கர்த்தர் ஆறுதல் தரணும். சரியா வந்துச்சாம்மா?”

“சரியா வந்துச்சு, சிஸ்டர்.”

செல்போனைக் கைப்பைக்குள் வைக்கும்போது உள்ளே அந்த வெள்ளை வேதாகமம் தெரிந்தது. அக்கா பையை மூடிவிட்டுக் கண்ணாடியில் என்னைப் பார்த்தாள்.

“பாத்தியா நெல்டா” என்றாள். “இந்தத் தடவ ஒரு வார்த்தகூட மாறல.”